அடிப்பிடித்த பிளம்ஸ் ஜாம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பா அவ்வளவு நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் கிடையாது, நான்கு நாட்களாக நான் அவரோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். ஏன் என்பது இந்தக் கடிதத்திலேயே வரும். நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், இதைப் படித்து முடிக்கும் வரையாவது அப்படியே இரு. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் உனக்குப் பாதியில் சிக்னல் போய்விடும், அதுவும் நான் திட்ட ஆரம்பிக்கும் இடத்தில்தான் சரியாகப் போகும். காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உன் அப்பா அதை மூன்று முறை சரிசெய்துவிட்டார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடலாமே என்று உன் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான், அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நீ அனுப்பிய பரிசுக்கு வருகிறேன். பண்ணையில் ஒரு நாள், காலையில் பழம் பறிப்பது, மத்தியானம் ஜாம் காய்ச்சுவது, சாயங்காலம் பாட்டிலோடு வீடு திரும்புவது. அடுத்தவர் தோட்டத்தில் போய் வெயிலில் நின்று பழம் பறித்து, அவர் அடுப்பில் கிண்டி, அவர் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வருவதற்கு டிக்கெட் போடுவார்கள் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு என் மேல் இவ்வளவு பாசமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உன் அப்பாவைப் பார்த்தாவது வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஆறு மணிக்கே குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, "நல்ல துணியா எடுத்துக் கட்டிக்கோ" என்று இரண்டு தடவை சொன்னார். ஜாம் தெறித்தால் கறை போகாதே என்றேன். "பரவால்ல, நாலு பேர் வர்ற இடம்" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று ஒரு நாளும் பார்க்காத மனிதர். பண்ணை வாசலில் என்னை இறக்கிவிட்டதும் முழங்கால் வலி என்று வண்டியிலேயே இருந்துகொண்டார்.

பண்ணைக்காரர் முன்பு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தாராம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்பிவிட்டாராம். அவர் செருப்பில்கூட மண்ணைக் காணோம். தலையில் வைக்கோல் தொப்பி, சட்டைப் பொத்தானில் மைக், எதிரே இருபது பேர், எல்லோரும் அவருக்கு நண்பர்களே. அவர் மனைவி மட்டும் பின்னால் கொட்டகையில் கண்ணாடி பாட்டில்களைக் கொதிநீரில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு மைக் கிடையாது. தொப்பிக்காரர் முதலில் எங்களைக் கண்ணை மூடிக்கொண்டு மரத்துக்கு நன்றி சொல்லச் சொன்னார். அப்புறம், "இன்னிக்கு முழுசும் உங்க பேரை மறந்துருங்க, உங்க வேலையை மறந்துருங்க, நீங்க எல்லாரும் பழங்கள்" என்று ஆளுக்கொரு சீட்டை நெஞ்சில் ஒட்டிவிட்டார். எனக்கு அன்னாசி. இதை உன் அப்பாவிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் பொருத்தம்தான் என்றிருப்பார், நல்லவேளையாகப் பேச்சு நின்றுபோய்விட்டது. "பழத்தைப் பறிக்கிறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க, அது உங்ககூடப் பேசும்" என்றும் சொன்னார். முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து, யார் பேசினாலும் ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்தவள் நான், எனக்குக் காது நன்றாகவே கேட்கும். என் கைக்கு வந்த பிளம்ஸ் எதுவும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒரு புழுதான் தலையை நீட்டி, யார் என்று பார்த்துவிட்டு உள்ளே போனது.

எனக்கு நான்காம் எண் மேசை. அதே எண்ணோடு இன்னொரு அம்மா வந்தார், அவர் நெஞ்சில் பேரிக்காய் என்று ஒட்டியிருந்தது. என் வயதுதான் இருக்கும், ஒல்லியான உடம்பு, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறி வந்திருந்தார். பழத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள் என்று தொப்பிக்காரர் செய்து காட்டியபோது காம்பு இருந்த இடத்தில் தோல் பிய்ந்துகொண்டு வந்தது. இந்த அம்மா பையைத் துழாவி நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து, காம்போடு நறுக்கென்று வெட்டிக் கூடையில் போட்டார். தைக்கிற வேலை என்று சொன்னார். நன்றாகக் கனிந்ததை மட்டும் பறியுங்கள் என்று மைக்கில் சத்தம் வந்தது. "அவர் சொல்றாருன்னு விடாதீங்க, நாலுக்கு ஒண்ணு செங்காயும் போடுங்க, அப்பதான் இறுகும்" என்று என் காதில் சொன்னார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. பக்கத்து மரத்தடியில் ஒரு ஜோடி ஒரே பழத்தைக் கால் மணி நேரமாகப் பறித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பழத்துக்கு இன்னேரம் பல்லு விழுந்திருக்கும்" என்றார். இப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் எந்தப் பண்ணைக்கும் போகலாம்.

கொட்டகையில் உட்கார்ந்து பழத்தைப் பிளந்து கொட்டை எடுக்கும்போது ஊர்க்கதை எல்லாம் வந்தது. கை வேலையாக இருந்தால் வாய் சும்மா இருக்காது, அது உனக்குத் தெரியும். என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய்விட்டது என்றேன். பையன் நல்லவன்தான் போலிருக்கிறது, ஆனால் அவன் அம்மா இருக்கிறாரே, பெரிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறாராம், எட்டு மாதமாக எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை, நாங்கள் போய் அவர் வாசலில் காத்து நிற்க வேண்டுமாம், போகிறவளா நான் என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். "போகாதீங்க. வேணும்னா அவங்களே வரட்டும். காசு இருந்தா மரியாதை தெரியாமப் போயிருமா" என்று எனக்காகக் கோபப்பட்டார். அப்புறம் அவர் கதையைச் சொன்னார். அவருக்கும் ஒரே மகன், அவனும் வெளிநாட்டில், அவனும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். அந்தப் பெண்ணின் அம்மா சட்டத் துறையில் பெரிய ஆளாம், வக்கீலோ அதற்கு மேலோ, ஒரு போன் கூடச் செய்வதில்லையாம். வக்கீல்களை எனக்கு நன்றாகத் தெரியும், முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் நீங்கள் வளைந்து கொடுக்கவே கூடாது என்று நான் அவருக்குப் புத்தி சொன்னேன். மகளே, நன்றாகப் படி. இரண்டு பைத்தியக்காரிகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடமே திட்டி, ஒருத்திக்கு ஒருத்தி ஆறுதலும் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் இருவருக்கும் ஒரே மேசையாகப் பார்த்து டிக்கெட் போட்டது யார் என்று உனக்குத் தெரியும்.

ஜாம் கொதிக்க ஆரம்பித்தது. ஒருவர் கிண்ட ஒருவர் சர்க்கரை கொட்ட என்று முறை வைத்துக்கொண்டோம். தொப்பிக்காரர் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்ய வேண்டும், அவசரம்தான் இந்தக் காலத்தின் நோய் என்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தார், பாத்திரத்துக்கு அது கேட்கவில்லை, தளதளவென்று பொங்கி ஒரு சொட்டு என் மணிக்கட்டில் தெறித்தது. அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி, போதும் போதும் என்று நான் சொல்லியும் விடாமல் தண்ணீரைத் திறந்துவிட்டார். என் கவனத்தை மாற்றவோ என்னவோ, ஒரு கையால் போனை எடுத்து இதுதான் என் பையன் என்று படத்தைக் காட்டினார். நல்ல முகம், நீ எனக்கு ஒரு நாளும் காட்டாத முகம். பூங்காப் பெஞ்சில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவரை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறான், ஒரு கை மட்டும் மிச்சம். "அந்தப் பொண்ணுதான் போல, முகத்தைக் காட்டமாட்டேங்கறான்" என்றார். அப்புறம் படத்தைப் பெரிதாக்கி அந்தக் கையைக் காட்டி, "இந்த ஸ்வெட்டரைப் பாருங்க, பழுப்புல ஆரம்பிச்சு மணிக்கட்டுல பச்சையில முடிச்சிருக்காங்க. நூல் எவ்வளவு பிடிக்கும்னு தெரியாமலே உக்காந்திருக்காங்க. வக்கீலம்மாவுக்குப் பின்னல் வேலை வேற" என்றார்.

அந்த நூல் தீர்ந்துபோன ராத்திரி நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். பச்சை போட்டால் அழகாக இருக்கும் என்று சொன்னதும் நீதான். நான் கையைக் குழாயிலிருந்து எடுத்தேன். "அதைப் பின்னினது நான்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "நீங்க வக்கீலுன்னானே" என்றார். "நீங்க டிசைனர்னாளே" என்றேன். கிண்ட ஆளில்லாமல் ஜாம் அடிப்பிடித்து, நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவி, தொப்பிக்காரர் மைக்கோடு ஓடி வந்து "நாலாம் நம்பர், உங்க பழத்தைக் கவனிங்க நண்பர்களே" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் அப்படியே ஆறாம் நம்பருக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் அந்த அம்மா ஒன்று சொன்னார், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போயிருக்கிறது. "வக்கீல் வீட்டுல போய் இந்தக் கையால தட்டை வாங்கினா என்ன நினைப்பாங்களோன்னுதான் வரல. திமிர் எல்லாம் இல்ல" என்றார். எனக்கு மட்டும் என்ன திமிர். கம்பெனி நடத்துகிறவர் நம் இரண்டு அறை வீட்டுக்குள் வந்தால் எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று எட்டு மாதமாக மனசுக்குள் நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தேன், அதை வெளியில் கௌரவம் என்று சொல்லிக்கொண்டேன். ஆக, நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டிருந்தோம், அந்தப் பயத்தைத் தயார்செய்து கொடுத்தது நீங்கள் இரண்டு பேரும். நீ அவனிடம் என் அம்மா சட்டத் துறை என்றாய், அவன் உன்னிடம் என் அம்மா டிசைனர் என்றான். தட்டச்சர் என்று சொல்ல உன் நாக்கில் என்ன புண்ணா வந்திருந்தது. அந்தத் தட்டச்சு இயந்திரம்தான் உன்னைப் படிக்க வைத்தது, நீ ஏறிப்போன விமானம் வரைக்கும். கூட்டிச் சொன்ன பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய், அதற்கு ஒரு பண்ணை, ஒரு தொப்பி. நேராக எங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல மட்டும் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

உன் அப்பாவை வண்டியில் போய்ப் பிடித்தேன். தூங்குகிற மாதிரி இருந்தார். தூங்கும்போது அவர் வாய் திறந்திருக்கும், அன்று மூடியிருந்தது. "எனக்கு என்ன தெரியும், அவ டிக்கெட் போட்டா, நான் வண்டி ஓட்டினேன்" என்றார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பஸ்ஸுக்கு விடாமல் அந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். அவர் கடை ஒரு சின்ன அறை, மாடிப்படிக்குக் கீழே. இரண்டு தையல் இயந்திரம், ஒரு திரை, சுவர் முழுக்க முடிக்காத துணி, பலகையில் 'பழைய துணியும் திருத்தித் தரப்படும்' என்று எழுதியிருக்கிறது. மகன் படித்த புத்தகமெல்லாம் அதே அறையில் பரணில் கட்டி வைத்திருக்கிறார். கணவர் போன பிறகு அந்த இரண்டு இயந்திரத்தில் ஒன்றில் தான் தைத்துக்கொண்டு இன்னொன்றின் மேல் பலகை போட்டு அவனை எழுத வைத்தாராம். இதைச் சொல்லவா அவனுக்கு வெட்கம். "உள்ள வாங்க சம்பந்தி" என்றார் சிரித்துக்கொண்டு. எட்டு மாதம் போகமாட்டேன் என்றவள் தலையைக் குனிந்து படிக்குக் கீழே நுழைந்து போனேன். நேற்று அவர் நம் வீட்டுக்கு வந்தார், எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை, சமையலறையில் என்னோடு நின்று பேசிவிட்டு, குழாயைப் பார்த்து வாஷரை மாற்றச் சொன்னார். உன் அப்பா இதைக் கேட்காத மாதிரி பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நீ போனில் ஜாம் எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டாய். நன்றாக இருந்தது என்றேன். வேற ஒண்ணும் நடக்கலையா என்று கேட்டாய், வெயில் அதிகம் என்றேன். அவன் தன் அம்மாவிடம் அதையே கேட்டானாம், அவரும் வெயில் என்றுதான் சொன்னாராம். இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை நீங்கள் இரண்டு பேரும் சரியாகத் தூங்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். உன் அப்பாவுக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு, அதை உன் அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் இருவருக்கும் சம்மதம். உங்களைக் கேட்காமல் நாங்களே பேசி முடித்துவிட்டோம், நீங்கள் எங்களைக் கேட்டுக்கொண்டா எல்லாம் செய்தீர்கள். அடுத்த விடுமுறைக்கு இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும். உன் கல்யாண ரவிக்கைக்கு அளவை போனில் வாங்கி அவர் துணியில் கத்தரி வைக்கமாட்டாராம், நேரில் நின்றால்தான் தைப்பார். அதற்குள் உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே, ஈரத் தலையோடு வெளியில் போகாதே. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், ஒருவருக்கொருவராவது உள்ளதை உள்ளபடி சொல்லி வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காதே, கடிதம் கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கூப்பிடுங்கள். இங்கேயும் நாங்கள் இரண்டு அம்மாக்களும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருப்போம். முதலில் யார் மன்னிப்புக் கேட்பது என்று நீங்கள் எட்டு மாதம் யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் பிரியமும் குறையாத
அம்மா