மஜ்லிஸ் விற்ற கேபிள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு
வெள்ளி, சனி லீவு முடிந்து வாரத்தின் முதல் வேலை நாள். காலையிலிருந்து மழை. குடை ஆபீசில், நான் நனைந்து. லைசன்ஸ் கவுண்டரில் கூட்டம் இல்லை.

மதியத்துக்கு முன் கலை வந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, வெளியே புதுக் கார். அவர்கள் கடைப் பலகைக்கு லைசன்ஸ் புதுப்பிக்க. "மேரிக்கா, சாப்டிங்களா?" சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

மஜ்லிஸ், அதாவது எங்கள் நகராட்சி, டவுனுக்குச் சொந்தமாக ஃபைபர் இன்டர்நெட் போட்டபோது அந்தப் பிரிவில் முதல் ஆள் நான். கலை எனக்குப் பின்னால் வந்தவள். பில் போடச் சொல்லிக்கொடுத்தது நான். இரண்டு வருஷம் முன்பு மஜ்லிஸ் அதைத் தனியார் கம்பெனிக்கு விற்றது. இருவரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அவளை மேனேஜராக எடுத்துக்கொண்டார்கள். மஜ்லிஸ் என்னை நாய் லைசன்ஸ், கடை லைசன்ஸ் பக்கம் தள்ளிவிட்டது.

கார் நிறம் நன்றாக இருக்கிறது. அதுவும் எரிச்சல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
வெயில். வாங்க வேண்டியது: மிளகாய்த்தூள், சோப்பு, வீட்டுக்காரர் சேவியர் முட்டிக்குத் தைலம்.

கேன்டீனில் கணக்குப் பிரிவு ரவி அண்ணன் குரலைத் தாழ்த்தி: "அந்த ஃபைபர் கம்பெனி நமக்குத் தவணையே கட்டல லா. கேபிள் போட மஜ்லிஸ் வாங்குன பேங்க் லோன் இன்னும் நம்ம தலையிலதான். அவங்க கட்டுனாதான் நாம கட்ட முடியும்."

கட்டணத்தை ஏற்றினார்களாம். பாதிப் பேர் வேறு லைனுக்குப் போய்விட்டார்கள். ரிப்பேர் குத்தகைக்காரருக்கும் பாக்கி. "ஆளுங்களுக்குச் சம்பளமே ஒழுங்கா போடலயாம்."

ஐயோ பாவம் என்றேன். மீ கோரேங் ருசியாக இருந்தது. இன்னொரு தட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 6, புதன்
வீட்டுக்குச் சுற்று வழி. அவர்கள் கடை வழியாக. வேண்டுமென்றேதான்.

அடுக்குமாடிப் பக்கம் லைன் செத்துக் கிடக்கிறதாம். கடை நிறைய ஆட்கள், சத்தம். நடுவில் கலை. ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு, மலாயும் தமிழும் உடைந்த சீனமுமாகப் பேசிக்கொண்டு. அதிகம் கத்திய சீனப் பெரியவர் போகும்போது அவள் மேசையில் ஒரு பாக்கெட் சோயா பால் வைத்துவிட்டுப் போனார்.

சம்பளம் வராதவள் மேல் பொறாமைப்பட முடியுமா? முடிகிறது. லைசன்ஸ் கவுண்டரில் எனக்கு யாரும் பச்சைத் தண்ணீர் தந்ததில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்
மேலதிகாரி புவான் சல்மா அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனியால் முடியவில்லை, மஜ்லிஸே நெட்வொர்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அடுத்த மாதம் கவுண்டர் திறக்கும். தலைமை நான். லோன் சுமை இருப்பதால் கம்பெனி ஆட்களில் ஒருவருக்குத்தான் இடம். யார் என்று நான் பெயர் கொடுக்க வேண்டும்.

வீட்டில் சேவியரிடம் சொன்னேன். "கலைதான். வேற யாரு?" யோசிக்கவே இல்லை மனுஷன். பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

ஆகஸ்ட் 9, சனி
சாயங்காலப் பூசை. பிரசங்கம் மனதில் ஏறவில்லை.

திரும்பி வந்தால் வாசலில் கலை. சிடாம் கிரியில் அவள் அம்மா வீட்டு ரம்புத்தான் பழம், ஒரு பை நிறைய. கார் இல்லை. புருஷன் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்து விட்டானாம்.

"காரு எங்க?"

"அது கம்பெனி காருதான்க்கா. திருப்பி வாங்கிட்டாங்க." சிரித்தாள்.

வேலை கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சேவியரும் அவளும் பேசிச் சிரித்தார்கள். என்னோடு அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
கலையின் பெயரைக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது பெரிய மனுஷி ஆன மாதிரி இருந்தது.

புவான் சல்மா சிரித்தார். தலைமைப் பொறுப்பை முதலில் கலையிடம்தான் கேட்டார்களாம். "எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேரிக்கா, அவருக்கே கொடுங்கள்" என்றாளாம் கலை. "உன்னிடம் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நல்லவளாக இருப்பதிலும் எனக்கு முன்னால் போய்விட்டாள். பொறுப்பே வேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தேன். வாய் வரவில்லை. கழிப்பறையில் கொஞ்ச நேரம் அழுகை.

செப்டம்பர் 3, புதன்
மேகமூட்டம். கவுண்டர் திறந்தாயிற்று. புது நாற்காலி, முன்னால் என் பெயர்ப் பலகை. கலை உள்ளே மோடம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது ஒரு மலாய் அம்மா. பலகையைப் படித்தார். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். கலை இல்லையா என்று கேட்டார்.

உட்காரச் சொன்னேன். கலையைக் கூப்பிட்டேன்.