ஐந்தில் மூன்று எண்

நவம்பர் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ் பாதியிலேயே திரும்பிவிட்டது. சேலையூரிலிருந்து தாம்பரம் வரை நடை. லேப் வாசலில் செருப்பைக் கழற்றினால் கால் முழுக்கச் சேறு. அட்டெண்டர் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், ஏசி ரூம்ல நாத்து நடப் போறீங்களா?" குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தேன்.

என் ஆராய்ச்சி கைடு சொன்ன ஃப்ளாப்பிகள் வந்துவிட்டன. வங்காள விரிகுடாவில் போன கப்பல்கள் கரைக்கு அனுப்பிய வானிலைச் செய்திகள், பல வருஷத்தவை. எல்லாம் ஐந்தைந்து எண்ணாக. கப்பல் எங்கே, காற்று எந்தப் பக்கம், வெப்பம் என்ன, காற்றழுத்தம் என்ன. அவற்றைப் படித்துப் பிரித்து அட்டவணையாக்கும் பார்சர் எழுதவேண்டும். அதுவும் ஒரு புது மொழியில். பிரான்ஸிலிருந்து யாரோ கொண்டுவந்தது, பிறந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறதாம். கையேடு ஒரு ஜெராக்ஸ் கட்டு. பாதிப் பக்கம் மங்கல்.

உறைகளின் மேல் வருஷம் எழுதியிருந்தது. அந்த வருஷமும் இருக்கிறது. கைடுக்குத் தெரியாது. சொல்லவில்லை.

வாங்க: அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து, கொசுவத்தி, குடைக்குக் கம்பி.

நவம்பர் 10, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். பக்கத்து மெஷின் வசந்தி கீழ்க்கட்டளையிலிருந்து நேரத்துக்கு வந்துவிட்டாள், அதிசயம். என் திரையை எட்டிப் பார்த்து, லூப்பே இல்லையே, ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப எப்படிச் செய்யும் என்று கேட்டாள். ஒரு ஃபங்ஷன் முதல் ஐந்து எண்ணை எடுத்துக்கொண்டு மீதியைத் தன்னிடமே கொடுக்கும், மீதி தீர்ந்தால் நிற்கும் என்றேன். பேஜார் புடிச்ச மொழி என்றுவிட்டுத் தன் பழைய பாஸ்கல் மொழிக்கே போய்விட்டாள்.

எனக்குப் பிடித்திருக்கிறது. காற்றைப் படிக்க ஒரு சின்ன ஃபங்ஷன், வெப்பத்துக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று. கோத்தால் முழுச் செய்தி. எங்காவது ஓர் இடத்தில் இடறினால் அந்தச் செய்தி மொத்தமும் "தப்பு" என்று தனி ஃபைலுக்குப் போகும். இரண்டே வகை, சரி அல்லது தப்பு.

சாயங்காலம் முதல் ஃப்ளாப்பி ஓட்டினேன். பாதிக்கு மேல் தப்பு.

நவம்பர் 11, புதன்

அம்மாவும் அப்பாவும் இன்னும் பேசவில்லை.

டேனி அண்ணனைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று இருந்தேன். எழுதாவிட்டாலும் வருகிறான். சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். மோர்ஸில் தட்டி அனுப்பும் வேலை. எட்டு வருஷம் முன்னால் இதே மழைக்காலத்தில், புயலில், கப்பலோடு போனான். ஒரு பலகை கூடக் கிடைக்கவில்லை. கம்பெனி "காணவில்லை" என்று எழுதியது. அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். தினமும் செபமாலை முடிவில் "கடல்ல பயணம் போயிருக்கற டேனிக்காக" என்பாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நாங்களும் பதில் சொல்வோம்.

நவம்பர், ஆன்மாக்களின் மாதம். இறந்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கோவில் பெட்டியில் போட்டால் கடைசி ஞாயிறு பூசையில் ஃபாதர் வாசிப்பார். போன ஞாயிறு, கோவில் வாசலில் வைத்து, இந்த வருஷம் டேனி பெயரைப் போடலாம் என்றார் அப்பா. அம்மா, "உயிரோட இருக்கறவனுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முன்னால் நடந்துவிட்டாள். அன்றிலிருந்து பேச்செல்லாம் என் வழியாக. அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துடுச்சுன்னு. அம்மாகிட்ட கேளு, குடை எங்கன்னு. இருவரும் ஒரே அறையில்தான்.

நவம்பர் 13, வெள்ளி

தப்பு ஏன் இவ்வளவு என்று பிடிபட்டது. கண்ணுக்குத் தெரியாததற்குக் கப்பல்காரர்கள் எண்ணுக்குப் பதிலாகச் சாய்கோடு போடுகிறார்கள். இருட்டில் மேகம் தெரியவில்லையா, சாய்கோடு. பார்சருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். தப்பு ஃபைல் பாதியாகச் சுருங்கியது.

சாப்பிடும்போது கூடத்து ஃபேன் தட்டியது. கட், கடக், கட் கட். டேனி இதே மேசையில் ஸ்பூனால் தட்டிப் பழகுவான், அம்மா திட்டுவாள். எனக்கும் நாலைந்து எழுத்து தெரியும். ஃபேன் அதில் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் சோறு ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பாவும் சாப்பிடாமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 16, திங்கள்

பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்து டைப் செய்தவை, சரியாயிற்று.
இரண்டு செய்தி ஒட்டிக்கொண்டவை, சரியாயிற்று.
விரிகுடாவைத் தாண்டிப் பூமத்திய ரேகைக்குக் கீழே போன கப்பல்கள், சரியாயிற்று. (இதற்கு ஒரு நாள் முழுக்க.)

தப்பு ஃபைல் ஒரே தாளில் அடங்குகிறது. கைடுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தத் தாளில் டேனி ஒளிய இடம் குறைகிறது.

அந்த வருஷத்து ஃப்ளாப்பியை மட்டும் இன்னும் ஓட்டவில்லை. இதை மட்டும் ஏன் உறையிலேயே வைத்திருக்கிறாய் என்று வசந்தி கேட்டாள். சொன்னேன். அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் ப்ரோக்ராம் தாளை மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள்.

நவம்பர் 18, புதன்

கடலில் தாழ்வு மண்டலம். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக ரேடியோ. அம்மா ரேடியோவை அணைக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. காலையிலேயே வானம் இருட்டு.

ஓட்டினேன்.

டேனியின் கப்பலுக்கு நாலெழுத்தில் ஓர் அழைப்புப் பெயர். வீட்டில் மூவருக்கும் மனப்பாடம். "சரி" ஃபைலில் அந்த நாலெழுத்து வரிசையாக வந்தது. விசாகப்பட்டினத்தை விட்டதிலிருந்து ஒவ்வொரு வேளையும். எல்லாம் முழுசு, ஓர் எண் பிசகில்லை. பிறகு இல்லை. மற்ற கப்பல்கள் தொடர்ந்து அனுப்பியிருக்கின்றன.

"தப்பு" ஃபைலில் இரண்டே வரி. ஒன்று வேறு ஏதோ கப்பல், டைப்பிங் பிழை. இன்னொன்று அவன்.

கப்பல் இருந்த இடம். வானம் தெரியவில்லை. வடகிழக்கிலிருந்து காற்று, பயங்கர வேகம். வெப்பம். ஈரம். அடுத்து வரவேண்டியது காற்றழுத்தம், நாலில் தொடங்கும் ஐந்து எண். 498 என்று இருக்கிறது. பிறகு ஒன்றும் இல்லை.

நம் நேரத்துக்கு அது சாயங்காலம். அன்று இங்கே மழை கூட இல்லை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

வசந்தி என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 19, வியாழன்

யாருடையது என்று சொல்லாமல் கைடிடம் காட்டினேன். அரைகுறைச் செய்தி, விட்டுவிடு, இத்தனையில் ஒன்று போனால் அட்டவணைக்கு ஒன்றும் ஆகாது என்றார். அவர் சொன்னது சரிதான்.

ஆனால் ஓட்டும்போதெல்லாம் அனுப்புகிறான். நான் வேறு எதையோ திருத்திவிட்டுச் சோதித்துப் பார்க்க ஓட்டுகிறேன். அவன் விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்புகிறான், முழுசு முழுசாக அனுப்பிக்கொண்டே வருகிறான், 498-இல் நிற்கிறான். மறுபடி ஓட்டினால் மறுபடி கிளம்புகிறான். மதியத்துக்கு மேல் எண்டர் கீயைத் தட்ட விரல் வரவில்லை. திரையில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. மீதி இரண்டு எண் இப்போது விழும் என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். அட்டெண்டர் வந்து, கரண்ட் போற மாதிரி கீது, மூடிடுங்க மேடம் என்ற பிறகுதான் எழுந்தேன்.

நவம்பர் 21, சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். நின்று கேட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். டேனியே அனுப்பினதா, வேறு ஆள் இல்லையே என்றார். அந்தக் கப்பலில் ரேடியோவுக்கு அவன் ஒருவன்தான் என்றேன்.

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல இல்லப்பா."

 அப்படியானால் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்றார், மெதுவாக.

திரும்பினால் நிலைப்படியில் அம்மா. கையில் ஆய்ந்த கீரை. எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், தெரியாது. அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அங்க குளிரா இருந்துச்சா?"

அது அந்தச் செய்தியில் இருக்கிறது. ஐந்து எண்ணும் முழுசாக.

"இல்லம்மா. இருபத்தஞ்சு டிகிரி. இப்ப நம்ம வீட்ல இருக்கற மாதிரிதான்."

தலையை ஆட்டினாள். "ஸ்வெட்டர எடுக்காம போயிட்டானேன்னுதான்..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம், கீரை அலசும் சத்தம். ரொம்ப நேரம் அலசினாள்.

அப்பா துடைப்பத்தை எடுத்துத் தண்ணீர் இல்லாத இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 24, செவ்வாய்

வெயில். புயல் ஆந்திரப் பக்கம் போய்விட்டதாம்.

பார்சரில் மூன்றாவதாக ஒரு வகை சேர்த்தேன். சரி, தப்பு, பாதி. பாதி என்றால், வந்தவரை வைத்துக்கொள். சேர்த்ததும் மொழி சும்மா விடவில்லை. இந்த மூன்றாவது வந்தால் என்ன செய்வது என்று இங்கே சொல்லவில்லை, அங்கே சொல்லவில்லை என்று திரை நிறைய எச்சரிக்கை. அச்சிடும் ஃபங்ஷன், சராசரி போடும் ஃபங்ஷன், எதுவும் பாக்கியில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். அழுத்தத்தை விடு. வெப்பத்தைச் சேர்.

கடைசியில் எச்சரிக்கை இல்லாமல் ஓடியது. வசந்தி தன் பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அட்டவணையின் அடியில் தனியாக ஒரு வரி இருப்பதைக் கைடு பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். யாருடையது என்று இன்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இருக்கட்டும்மா என்றார்.

நவம்பர் 26, வியாழன்

அப்பா படப்பையில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தார். செபமாலைக்கு நானும் அம்மாவும்தான். கடைசி வேண்டுதல் வரும் இடத்தில் அம்மா நிறுத்தினாள். பதில் சொல்ல நான் தயாராக இருந்தேன். அவள் டேனி பெயரைச் சொல்லாமலே சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எட்டு வருஷத்தில் முதல் தடவை. வீட்டிலிருந்து யாரோ இப்போதுதான் கிளம்பிப் போன மாதிரி இருந்தது. வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லட்டும்.

நவம்பர் 29, ஞாயிறு

காலைப் பூசை. பனி. பெண்கள் பக்கம் அம்மாவும் நானும், ஆண்கள் பக்கம் அப்பா. ஃபாதர் இறந்தவர் பெயர்களை வாசித்தார். நீளப் பட்டியல். அம்மா முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவள் விரல் இறுகியது, பெயர் கேட்டதும் தளர்ந்தது. பட்டியல் முடிந்தது. டேனி பெயர் வரவில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்தில் அம்மா அப்பாவிடம் நேராகப் போனாள்.

"நீங்க போடலியா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்தார். பெட்டி வரைக்கும் போனேன், கை வரவில்லை என்றார். "லூர்து, நீ குளிரான்னு கேட்டப்புறம் எப்படிப் போடறது?" என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கேட்டார்.

அம்மா சீட்டைப் பிரித்துப் படித்தாள். மறுபடி மடித்தாள்.

"அந்தப் பேரக் காதால கேக்கத்தான் இன்னிக்கு வந்தேன்."

அவளே ஃபாதரிடம் எடுத்துக்கொண்டு போனாள். எட்டு மணிப் பூசையில் வாசிக்கிறேன் என்றாராம். வீட்டுக்குப் போகவில்லை. கோவில் படியில் உட்கார்ந்தோம். அப்பா மூன்று டீ வாங்கி வந்தார். அம்மா சர்க்கரை ஜாஸ்தி என்றாள், அவரிடமே.

எட்டு மணிப் பூசையில் ஒரே பெயர்தான். வாசித்ததும் அம்மா எல்லோரையும் முந்திக்கொண்டு பதில் சொன்னாள், சத்தமாக. நானும் சொன்னேன். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாய் திறக்கவில்லை.