மோட்டார் ரூமின் நடுச்சுவர்

அத்தான்,

சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் கையில் கிரீஸ் வாசனை போகமாட்டேன் என்கிறது. சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு நீங்கள் வீட்டுக்கு வரும்போது சட்டையில் வருமே, அதே வாசனை. அந்தச் சட்டையைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தவள் நான். இன்றைக்கு உள்ளங்கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் சண்டை போட வேண்டும் போல இருக்கிறது. நீங்களோ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆளில்லாமல் எப்படிச் சண்டை போடுவது?

முந்தாநாள் வயல்பக்கம் சூறைக்காற்று அடித்தது. சித்திரையில் நாலு தூறல் விழுந்தால் சந்தோஷப்படுகிறவள்தான் நான். ஆனால் இது மழைக்கு முன்னால் வந்த காற்று. முக்கூடல் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தது. வீட்டுக் கதவைச் சாத்த முடியாமல் முதுகைக் கொடுத்து நின்றேன். விடிந்து போய்ப் பார்த்தால் தொழுவின் கூரைத் தகரம் ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை. வைக்கோல் படப்பு பாதிக்கு மேல் கலைந்து, கரண்டு கம்பியில் எல்லாம் வைக்கோல் தொங்கியது. குலை தள்ளிய வாழை பாதி இடுப்பொடிந்து கிடந்தது. மாடுகளை நல்லவேளையாக வீட்டு முற்றத்தில் கட்டியிருந்தேன். வாய்க்கால் ஓரத்துத் தென்னை வேரோடு சாய்ந்து மோட்டார் ரூமின் மேல் படுத்திருந்தது.

நீங்கள் இருந்திருந்தால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதலில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருப்பீர்கள். நான் அப்படி இல்லை. ஆளைக் கூப்பிட்டு மரத்தை அறுக்கச் சொன்னேன். மோட்டார் மேல் தார்ப்பாயையும் அவனையே இழுத்துக் கட்டச் சொன்னேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பறந்து போன தகரத்தைத் தேடி எடுத்து, நெளிந்ததை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் போட்டேன். தலையாரி வந்து செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். என்ன வரும், எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. வாய்க்காலில் இப்போது தண்ணீர் கிடையாது. மிச்சம் நிற்கிற வாழைக்குக் கிணறுதான் கதி. அதனால் தொழு பிறகு, மோட்டார் ரூம் முதலில் என்று நானாக முடிவு செய்தேன். அதுவரை எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். சொல்லிப் பார்த்தாலாவது எனக்குப் புரிகிறதா என்று பார்ப்போம்.

கிணறு பங்குக் கிணறு. பாதி நமக்கு, பாதி உங்கள் சித்தப்பா மகனுக்கு; உங்களுக்குத் தம்பி, எனக்குக் கொழுந்தன். ஒரே ரூமில் அவர் மோட்டாரும் நம் மோட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு கதவு, ஒரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. கல்யாணமாகி நான் வந்த புதிதில், நீங்கள் இருவரும் அந்த வாசலில் உட்கார்ந்து பேசிச் சிரிப்பது நாற்றங்கால் வரைக்கும் கேட்கும்.

அப்புறம்தான் கன்றுக்குட்டி விவகாரம். இன்றைக்கும் சொல்கிறேன், அதை அவிழ்த்து விட்டது உங்கள் தம்பி பெண்டாட்டிதான். என் நாற்றங்காலில் பாதியை அது மேய்ந்து முடித்திருந்தது. பிடித்து நம் தொழுவில் கட்டினேன். வந்து அவிழ்த்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தவள், “தெரியாம மேஞ்சிட்டுக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரப்பில் நின்றுகொண்டு, ஊரே கேட்க, “ஆமா, இவ நாத்துல தங்கமா வெளையப்போவுது” என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அன்றோடு அந்த வீட்டுக்கும் நமக்கும் பேச்சு அற்றுப்போனது. “அவங்க வீட்டு ஆளோட ஒரு வார்த்த பேசுனிய, அன்னையோட இந்த வீட்டு அடுப்பு எரியாது” என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் மறுபேச்சுப் பேசவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் வந்து, “அவன் ரூமுக்குக் குறுக்க சுவர் வச்சிட்டாம்ட்டீ” என்றீர்கள். முகத்தை அவ்வளவு வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னீர்கள். “வச்சா வச்சிட்டுப் போறான், நமக்கு நல்லதாப் போச்சி” என்றேன். அவர் பக்கம் ஒரு வாசல், நம் பக்கம் ஒரு வாசல் என்று ஆகிவிட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னீர்கள். “உள்ள பாம்பு இருக்கு. நீ வாசல்ல நின்னே சுச்சப் போடு. உள்ள போவாத.” பாம்பு என்றால் எனக்குக் குலை நடுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகும் நான் வாசலில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்டித்தான் ஸ்டார்ட்டரைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மரத்தை அறுத்து எடுத்த பிறகு பார்த்தால் கூரையே இல்லை. நடுச்சுவரின் மேல்பாதி சரிந்து கிடந்தது. வெயில் நன்றாக விழுந்ததால் தைரியம் வந்து, நேற்று மத்தியானம் முதல் முறையாக உள்ளே போனேன். பாம்பும் இல்லை, அதன் சட்டையும் இல்லை. ஒரு ஸ்டூல் இருந்தது. அதற்கு நேராகச் சுவரில் ஆணியடித்து ஓர் உரச்சாக்கைத் தொங்கவிட்டிருந்தீர்கள். நனைந்து கனத்த சாக்கை எடுத்துப் போடலாம் என்று இழுத்தேன். பின்னால் சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை.

இடிந்த ஓட்டை இல்லை, அத்தான். விளிம்பு பூசி, சிமெண்ட் பால் தடவி, அழகாக வைத்த ஓட்டை. அந்தப் பக்கமும் ஒரு சாக்கு தொங்கியது. நடுவில், சுவரின் கனத்தில், இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒட்டடை படிந்து நின்றன. ஒன்றில் என் பெயர் வெட்டியிருந்தது. என் அம்மா சீராகக் கொடுத்த டம்ளர். அது காணாமல் போனதற்கு வேலைக்கு வந்தவர்களை எல்லாம் நான் சந்தேகப்பட்டபோது, நீங்களும் கூடவே பரண்மேல் ஏறித் தேடினீர்களே, அந்த டம்ளர். இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் தம்பி பெண்டாட்டியின் பெயர்.

இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் தன் பக்கத்துத் தகரத்தைப் பொறுக்க வந்தார். என்னைப் பார்த்தார். டம்ளர்களைப் பார்த்தார். சரிந்து கிடந்த செங்கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“இது என்ன தம்பி?”

“மதினி, அண்ணன் மேல கோவப்படாதிய.”

“சுவர நீங்கதான வச்சிய?”

“நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வச்சோம். எங்க வீட்டுல அண்ணன் வச்சதா சொன்னேன். அண்ணன் உங்ககிட்ட நான் வச்சதா சொல்லுதேன்னாவ. சுவரு இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு அண்ணன்தான் யோசன சொன்னாவ.”

“அப்ப பாம்பு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எங்க வீட்டுக்காரியும் இன்னைக்கு வரைக்கும் உள்ள வந்ததில்ல மதினி” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. நானோ அவளோ கதவைத் தாண்டி ஒரு அடி வைக்காதபடிக்கு, இல்லாத ஒரு பாம்பை வைத்து இரண்டு பேரையும் ஆட்டி வைத்திருக்கிறீர்கள். ஊரில் என்னை வாய்க்காரி என்பார்கள், விவரக்காரி என்பார்கள். இப்போது நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

“தெனமும் என்னத்த பேசுனிய?” என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரலில் இருந்தது பொறாமைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

“பெருசா ஒண்ணுமில்ல. மழ, வாழ வெல, மாட்டுக்கு வயிறு சரியில்ல, இதுதான். பாதி நாளு ரெண்டு பேரும் பேசவே மாட்டோம். டீயக் குடிச்சிட்டு மோட்டாரு சத்தத்தக் கேட்டுட்டு இருப்போம்.”

“என்னப் பத்தி?”

“நீங்க வச்ச கொழம்பு, அவியல்னு தூக்குச்சட்டியில கொண்டு வருவாவ. ‘மதினி ஒனக்குன்னு தனியா எடுத்துத் தந்தாடே’ன்னு சொல்லிக் குடுப்பாவ. பொய்யின்னு எனக்குத் தெரியும். நானும் எங்க வீட்டுலேந்து எதாவது கொண்டு வருவேன். ‘ஒங்களுக்குன்னு அவ குடுத்துவிட்டா அண்ணே’ன்னு சொல்லுவேன். அதுவும் பொய்யின்னு அவுகளுக்குத் தெரியும். ஆனாலும் அப்பிடிச் சொல்லிக் குடுத்தாத்தான் ரெண்டு பேருக்கும் எறங்கும்.”

ராத்திரியில் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று உங்களைப் பாளையங்கோட்டை வரைக்கும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேனே, நினைவிருக்கிறதா? அவர் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் நம்பாமல், தினமும் சுக்குக் கஷாயம் வைத்துத் தந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். என்மேல் வைத்த பிரியத்தில்தான் குடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். வயிறு நிறைய அவள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு வந்து குடித்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. அப்படியென்றால் அது பிரியம் இல்லையா? அல்லது, தெரிந்தும் அந்தக் கஷாயத்தைக் குடித்ததுதான் பிரியமா? நேற்றிலிருந்து இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். நீங்கள் இறந்த அன்றைக்கு, உங்களைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஆற்றுக்குப் போன பங்காளிகளில் கடைசி ஆளாகக் கொழுந்தன் நடந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுப்படி ஏறவில்லை. செத்த பிறகும் பகையா என்று அவ்வளவு துக்கத்திலும் எனக்குக் கொதித்தது. அதைத்தான் கேட்டேன்.

“அழுதா எங்க வீட்டுல கேப்பா மதினி. பேச்சுவார்த்தை இல்லாத ஆளுக்கு எதுக்கு இப்பிடி அழுதியன்னு கேட்டா நான் என்ன சொல்ல? இங்கன வந்துதான் அழுதேன்” என்றார். சாயங்காலமானால் இப்போதும் வந்து அந்தப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாராம். சாக்கை விலக்குவதில்லையாம். சொல்லிவிட்டு என் முன்னாலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். உங்களுக்காக என்னைப்போல அழ இந்த ஊரில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் அழுகையைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. உங்கள்மேல் கோபமும் அப்போதுதான் அதிகமானது.

போகும்போது, “எங்க வீட்டுல சொல்லிராதிய” என்று கும்பிட்டார். சொல்லமாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், நீங்கள் இருவரும் சொன்ன பொய்யில் நானும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டேன் என்று உறைத்தது.

இன்று காலையில் கொத்தனார் வந்தார். சுவரை முன்பு கட்டிய அதே கொத்தனார்தான். இடிபாட்டைச் சுற்றிப் பார்த்தார். ஓட்டையையும் பார்த்தார். தெரியாதது போல மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்.

“ஒமக்கும் தெரியுமா?” என்றேன்.

“சதுரம் சரியா இருக்கணும்னு அண்ணாச்சி பக்கத்துலயே நின்னு கட்டச் சொன்னாவ. நான் எதுக்குன்னு கேக்கல” என்றார். பிறகு, “சுவரு வேணுமா வேண்டாமாம்மா? வேண்டாம்னா கூரைய ஒரே இழுப்பா இழுத்துரலாம். சின்ன அண்ணாச்சியக் கேட்டேன். மதினி சொன்னாச் சரிங்காவ” என்றார்.

சுவர் வேண்டாம் என்றால் இத்தனை வருஷம் ஏன் வேண்டியிருந்தது? வேண்டும் என்றால் யாரை யாரிடமிருந்து பிரிக்க? உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்னைக் கண்டு பயந்து மறைத்தீர்களா, என் வார்த்தையை மதித்து மறைத்தீர்களா? பயம் என்றால் இத்தனை வருஷம் நான் நடத்தியது என்ன குடும்பம்? மரியாதை என்றால் இவ்வளவு பெரிய மரியாதையை எனக்குத் தெரியாமலா செய்வது? நீங்கள் ஒரு நாளும் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அதைச் சொல்லி நான் ஊரெல்லாம் பெருமைப்பட்டிருக்கிறேன். உயர்த்தியிருந்தால் ஒருவேளை அந்தச் சுவர் வந்திருக்காதோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது. நிச்சயமாகத் தெரியவில்லை. இந்தக் கேள்வி இனிமேல் என்னோடுதான் இருக்கும். அடுப்படியிலும் இருக்கும், வயலுக்குப் போனாலும் கூடவே வரும்.

கொத்தனாரோடு நின்றபோது அந்தப் பக்கத்து வரப்பில் அவள் நின்றாள். உங்கள் தம்பி பெண்டாட்டி. அவர்கள் வாழையும் நம்முடையது போலவே ஒடிந்து கிடந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருக்கிறது. அதைக்கூட நான் கவனித்ததில்லை. நான் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை. நானும் திருப்பவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசத் தொடங்கினால் கன்றுக்குட்டியில்தான் வந்து நிற்கும் என்று இருவருக்குமே தெரியும்.

அதனால்தான் கொத்தனாரிடம், “சுவரு இருக்கட்டும்” என்றேன். அது இல்லாமல் நானும் அவளும் ஒரே ரூமுக்குள் நின்றால் அன்றைக்கே குடுமிப்பிடிதான். நடுவில் ஒன்று இருந்தால் பைய ஏதாவது பேசிக்கொள்ளலாம். சாக்கு மட்டும் வேண்டாம் என்றேன்.

“அப்ப ஓட்டைய அதே ஒயரத்துலயே வச்சிரலாமாம்மா?” என்று கேட்டார் கொத்தனார்.

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

“ஒரு வரிச் செங்கல் கீழ எறக்கி வையும்” என்றேன். “அவ என்னையவிடக் குள்ளம்லா.”