எண்ணெய்த் தலையோடு ஒரு பெரியம்மா

அன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும் தம்பி எழுதுவது. நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?

நான் காவல் பார்க்கும் இந்த வெளிநாட்டுப் பூங்காவின் பன்னிரண்டு ஏரிகளும் என் பேச்சைத்தான் கேட்கின்றன. மேலதிகாரிகூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார்.

நேற்று நம் பாஷை பேசும் குடும்பம் ஒன்று சுற்றிப் பார்க்க வந்தது. அதில் ஒரு பெரியம்மா, தலை நிறைய எண்ணெயும் கையில் சீயக்காயுமாக, ஏரியில் விழும் அருவியில் இறங்கப் போனார். சொட்டு எண்ணெய் விழுந்தாலும் என் வேலை போய்விடும். புலிபோலப் பாய்ந்து மறித்தேன்.

“அம்மா, இங்க கால்கூட நனைக்கக் கூடாது.”

“அருவின்னா குளிக்கத்தான்டா! உங்கப்பன் வீட்டுத் தண்ணியா?”

“தண்ணியில இருக்கிற சுண்ணாம்பைப் பிடிச்சுப் பாசிதாம்மா இந்தப் பாறையையே கட்டுது. எண்ணெய் பட்டா செத்துடும்.”

“பெரிய கொத்தனாரு! தள்ளுடா, தடிமாடு!”

அக்கா, ஒரு வருஷமாக இங்கே எல்லோரும் என்னை ‘சார்’ என்றே கூப்பிடுகிறார்கள். தடிமாடு என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனாலும் வழி விடவில்லை. என் அறைக்கு அழைத்துப்போய் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். ஏரி பிழைத்தது. எனக்குச் சிலை வைக்கப்போவதாகப் பேச்சு.

பெரியம்மா என் ஒரே துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இரண்டு துண்டு அனுப்பு. படகுக்கு மணி அடிக்கிறது, ஓடுகிறேன். போனில் நீயும் இப்போதெல்லாம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், கொஞ்சம் திட்டு.

தம்பி