பதின்மூன்று அப்படியே இருந்தது

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு நாங்கள் இருவரும் சௌக்கியம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதும்போதே கை கொஞ்சம் நிற்கிறது, அந்தப் பழக்கம் உன்னால் வந்தது. பேத்தி பல் விழுந்து சிரிக்கிற படத்தை அப்பா பெரிதாக்கி ஒட்டிவைத்திருக்கிறார். அவருடைய முழங்கால் வலி தேவலை. பின்கட்டுக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

நம் பாய்மரப் படகின் எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்ற வேண்டியது, இரண்டாயிரத்து அறுநூறைத் தாண்டாமல் கறுப்புப் புகை கக்குகிறது என்று இரண்டு வருஷமாக உன்னிடம் புலம்பினேன் அல்லவா? பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான். மேட்டில் டாப் கியரிலேயே ஏற்றினால் பஸ் எப்படி முக்குமோ அப்படித்தான் இதுவும் முக்குகிறது, எஞ்சினில் கோளாறில்லை, புரொப்பெல்லர்தான் அதன் சக்திக்கு மீறித் தண்ணீரைத் தள்ளப் பார்க்கிறது என்று முதலில் சொன்னதே நான்தான். இலைகளின் முறுக்கு, அதாவது ஒரு சுற்றில் தண்ணீரைத் தள்ளுகிற அளவு, பதின்மூன்று அங்குலம், அதைப் பதினொன்றாகத் தணித்தால் சரியாகும் என்று பட்டறைக்காரரும் சொன்னார். இரண்டு தடவை படகைக் கரையேற்றினோம். இரண்டு தடவையும் அப்பாதான் புரொப்பெல்லரைக் கழற்றிக் காரில் கொண்டுபோனார், பளபளவென்று திரும்பக் கொண்டுவந்தார், தன் கையாலேயே மாட்டி வேலை முடிந்தது என்றார். புகை நிற்கவில்லை. நான் பாவம் எஞ்சினைத் திட்டித் தீர்த்தேன். கடல் வழியாகவே உன் ஊருக்கு வந்து இறங்க வேண்டும் என்ற என் ஆசை வருஷா வருஷம் தள்ளிப்போனது.

போன மாதம் நானும் அப்பாவும் படகில் போனபோது துறைமுக வாயிலில் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. முழு வேகம் கொடுத்தும் படகு முன்னே போகவில்லை, பக்கவாட்டில் அலைத்தடுப்புப் பாறையை நோக்கிப் போனது. ஒரு மீன்பிடிப் படகுக்காரர் கயிறு வீசி இழுத்திராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. மறுநாள் படகைக் கரையேற்றச் சொல்லி, அடியில் குந்தி உட்கார்ந்து, புரொப்பெல்லரின் நடுக்குமிழில் இருந்த பெயிண்டைச் சமையல் கத்தியால் சுரண்டினேன். முறுக்கை மாற்றினால் அங்கே பொறித்திருக்கும் பழைய அளவை அடித்துவிட்டுப் புது அளவைப் பொறிப்பார்கள். பதின்மூன்று அப்படியே இருந்தது. பட்டறைக்குப் போன் போட்டால், ரெண்டு தடவையும் பாலிஷ் மட்டும் போதும்னுதானேம்மா சார் சொன்னாரு என்கிறார் அந்த மனுஷன்.

அப்பா மறுக்கவில்லை. நான் மட்டுமா செஞ்சேன், உன் பொண்ணையும் கேளு என்று போனை நீட்டினார். நீ அனுப்பியிருந்ததைப் படித்தேன். அம்மா சொன்னா கேக்க மாட்டாங்கப்பா, அது இப்படியே இருக்கட்டும், புகையைப் பாத்து அவங்களே ஆசையை விட்டுடுவாங்க.

அப்பா பயந்தாங்கொள்ளி என்பது கல்யாணமான வாரமே தெரிந்துவிட்டது, அவரை விடு. நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்ததும், எஞ்சின் இப்ப எவ்வளவு சுத்துதும்மா என்று கேட்பாய். நம் மகளுக்குத்தான் நம் ஆசையில் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போய், காகிதத்தில் குறித்துவைத்த எண்ணை ஓடிப்போய் எடுத்துவந்து வாசிப்பேன். நீ பூட்டு பூட்டியபடி இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்திருக்கிறாய், கண்ணு. நான் கடலில் வருவது உனக்குப் பயமாக இருந்தால் முகத்துக்கு நேரே சண்டை போட்டிருக்கலாமே, நான் என்ன சண்டைக்கு அஞ்சுகிற ஆளா? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் விட்டுவைத்த அந்தப் பதின்மூன்றுதான் எங்கள் இரண்டு பேரையும் பாறைக்குக் கொண்டுபோனது. எனக்கு ரொம்ப வலிக்கிறது.

இந்தத் தடவை புரொப்பெல்லரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நானே போனேன். பட்டறைக்காரர் முறுக்கைத் தணித்துப் பதினொன்று என்று பொறிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்தோம். முள் மூவாயிரத்தில் போய் நின்றது, புகை இல்லை. அழுகை வந்துவிட்டது. முன்பானால் உனக்குத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். பக்கத்துப் படகுக்காரி, அந்த நர்ஸ், துணைக்கு வருகிறாள். தானும் பெட்டி கட்டலாமா என்று அப்பா கேட்டார், வரலாம், ஆனால் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பேத்தியைத் தலைக்குக் குளிப்பாட்டினால் ஈரம் போகத் துவட்டு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய், எவ்வளவு சுற்றுகிறது என்று மட்டும் கேட்காதே. நாங்கள் வந்து சேரும் நாளில் கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக் கட்டு. நீ போடுகிற முடிச்சை நான் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா