பொட்டு வைத்த கண்ணாடியும் பச்சை வட்டமும்

செப். 30, செவ்வாய்

புழுக்கம். மேகம் கலையவில்லை. என் டெலஸ்கோப்புக்காக அலுமினியப் பூச்சு போடக் கொடுத்த கண்ணாடி வந்துவிட்டது! எட்டு அங்குலம், என் கையால் தேய்த்தது. ஆபீஸ் விட்டு வந்து மொட்டை மாடியில் அதை டிரம் மேல் வைத்து, சுற்றிச் சுற்றி நடந்து தேய்த்தபோதெல்லாம் இவருக்கு ஒரே கிண்டல். "கிரிவலம் வீட்டுலயே முடிஞ்சிடுச்சா?"

இன்றைக்கும்: "கடையில டெலஸ்கோப் வாங்கியிருந்தா எப்பவோ நிலாவைப் பாத்திருக்கலாம்."

நிலா யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது வடக்கே அந்தச் சின்ன நெபுலா. வயதான நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு, நடுவில் அதே நட்சத்திரம். நேராகப் பார்த்தால் நட்சத்திரம் மட்டும். ஓரக்கண்ணால் பார்த்தால் சுற்றிலும் பச்சை வட்டம். நான் தேய்த்தது கோணல் என்றால் எல்லாம் கலங்கல். அதுதான் பரீட்சை.

அக். 1, புதன். ஆயுத பூஜை

கடவுளே. மிக்ஸி, பைக், அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் அத்தை பொட்டு வைத்தார். என் கண்ணாடிக்கும்! பூச்சின் மேலேயே ஈரச் சந்தனம், குங்குமம். கத்திவிட்டேன்.

"மாசக்கணக்கா நீ பாடுபட்ட சாமான். அதுக்கு வெக்காம வேற எதுக்கும்மா வெப்பேன்?"

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்.

துடைத்தால் கீறல் விழும். பஞ்சை எடுத்தேன், வைத்தேன். பிறகுதான் உறைத்தது. பொட்டு நட்ட நடுவில். அங்கே எப்படியும் டெலஸ்கோப் குழாயின் மேல்முனையில் இருக்கும் சின்னக் கண்ணாடியின் நிழல்தான் விழும். ஒன்றும் ஆகாது. ஆகாதுதானே?

அக். 2, வியாழன்

லீவு. மழை. கண்ணாடியைக் குழாயில் பொருத்தியாகிவிட்டது. அத்தை பேசவில்லை. கேசரி மட்டும் வந்தது, முந்திரி ஜாஸ்தி.

அக். 3, வெள்ளி

இருட்டியதும் வானம் திறந்தது. நிலா வெளிச்சம் வேறு. பரவாயில்லை, சின்னதானாலும் அந்த நெபுலாவுக்கு நல்ல பிரகாசம், தாங்கும்.

தேடல். கிடைத்தது! ஊசி முனையாக நட்சத்திரம். பார்வையை நகர்த்தினேன். பச்சை! வட்டம்! நேராகப் பார்த்தேன், போச்சு. ஓரமாக, வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

இவர் குனிந்தவர் நகரவே இல்லை. "நீயா செஞ்சே இதை?"

இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் செய்தார்.

அத்தை முட்டி வலியோடு படியேறி வந்தார். "வெறும் நட்சத்திரம்தானேம்மா?"

"அதை விட்டுட்டுக் கொஞ்சம் ஓரமா பாருங்க அத்தை."

"அட, ஆமாம்மா!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதினால் என்ன, என் நோட்டுதானே. நான் செய்தேன். நான்.

கீழே அத்தை போனில், தன் நாத்தனாரிடம். வீடே அதிர்கிறது. "கடையில வாங்கினது இல்லடி, என் மருமவ கையால தேச்சது! நாளைக்கே வந்து பாரு. நேரா பாத்தா தெரியாது, ஓரமா பாக்கணும். உனக்கு எங்க புரியப் போவுது, வா, நான் சொல்லித் தரேன்!"