வகுப்பில் காட்டச் சொன்ன பூட்டு

அனுப்புநர்:
சக்கர நாற்காலி பழுதுபார்ப்பவர்,
மருத்துவமனைப் பின்வாசல்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
காப்புரிமை அலுவலகம்.

பொருள்: தங்கள் அலுவலகமே காட்டச் சொல்லிவிட்டு, காட்டியதற்காகவே என் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உட்கார்ந்திருப்பவர் எழுந்ததும் சக்கரத்தைத் தானாகப் பூட்டும் இரும்புப் பூட்டைச் செய்தவள் நான். எழும்போது நாற்காலி பின்னால் நழுவி என் அண்ணிக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு செய்தது.

2. முறைப்படி பதிய வேண்டும் என்றுதான் தாங்கள் நடத்திய காப்புரிமைச் சட்ட அடிப்படை வகுப்பில் சேர்ந்தேன். காலையில் பயிற்சியாளர், “கூச்சப்படாம எல்லாருக்கும் செஞ்சு காட்டுங்கம்மா” என்றார். காட்டினேன். கைதட்டினார்கள். தங்கள் ஊழியர் படம்பிடித்து அன்றே அலுவலக இணையதளத்தில் ஏற்றினார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் முதல் பாடம்: விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டிய எதுவும் சட்டத்தின் கண்ணில் புதியது அல்ல. உடனே எழுந்து, காலையில் நான் காட்டியது என்ன ஆகும் என்று கேட்டேன். நம் வகுப்புதானே, கவலை வேண்டாம் என்று பயிற்சியாளர் சிரித்தார்.

3. அதை நம்பி விண்ணப்பித்தேன். இப்போது தள்ளுபடி. அதற்குக் காட்டியிருக்கும் சான்று, தாங்கள் ஏற்றிய அதே காணொளி. அரசு அறிவித்த கண்காட்சி என்றால் விலக்கு உண்டாம், வகுப்புக்குக் கிடையாதாம். கையைப் பிடித்துக் குழிக்குள் இறக்கிவிட்டு, ஏன் இறங்கினாய் என்று கேட்க ஓர் அலுவலகம், அதற்கு ஒரு முத்திரை.

4. அன்று இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய வியாபாரி அதையே பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார். பாரம் தாங்காது என்று நேரில் போய்ச் சொன்னேன். “உங்ககிட்ட காப்புரிமை இருக்கா?” என்று கேட்டார்.

5. ஆகவே தள்ளுபடியை ரத்து செய்து என் விண்ணப்பத்தை மீண்டும் விசாரிக்க வேண்டும். வரும் திங்கட்கிழமை வகுப்பிலும் செய்து காட்டுவது காலையில், சட்டம் மதியத்தில் என்றே அறிவித்திருக்கிறீர்கள். மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நானே வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் எதையும் காட்டாதீர்கள் என்று சொல்வேன். காவலாளியை ஏவினாலும் நகரமாட்டேன்.

6. நேற்று ஒரு பெண் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பிளாஸ்டிக் பூட்டு இரண்டாக உடைந்திருந்தது. அம்மா விழுந்து மருத்துவமனையில் கிடப்பதாகச் சொன்னார். இதையெல்லாம் விற்க யார் விடுகிறார்கள் என்று என்னைக் கேட்டார். அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலைத் தாங்களே எழுதி, கையொப்பமிட்டு அனுப்பும்படி கோருகிறேன்.

இடம்: பட்டறை
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்